ஏஎம்எச் குறைவாக வந்தால் குழந்தை பிறக்காதா? கருமுட்டை இருப்பு டெஸ்ட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

"ரிப்போர்ட்ல 0.8-னு வந்திருக்கு. பக்கத்துலயே 'குறைவு'ன்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்காங்க. அப்போ எனக்குக் குழந்தையே பிறக்காதா?"

29 வயதில் இப்படி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு கூகுளில் தேடும் பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? முதல் பக்கம் முழுக்க ஐவிஎஃப் மைய விளம்பரங்கள். அடுத்து, கருமுட்டையை உறையவைக்கச் சொல்லும் ரீல்ஸ். அதற்கும் அடுத்து, ஏஎம்எச்சை 'ஏற்றித் தரும்' மாத்திரைகள். அந்த 0.8-க்கு உண்மையில் என்ன அர்த்தம் என்பது மட்டும் எங்கோ அடியில் கிடக்கும்.

கோவையில் அவிநாசி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு பக்கம் ஒரு முறை போய்வந்தாலே குழந்தையின்மை சிகிச்சை போர்டுகள் எத்தனை என்று தெரியும். ஈரோடு, திருப்பூர், சேலத்திலும் அதே கதைதான். அதோடு இப்போது லேப்களின் 'பெண்கள் பேக்கேஜ்', 'திருமணத்துக்கு முந்தைய பேக்கேஜ்' போன்றவற்றிலும் ஏஎம்எச் சேர்ந்துவிட்டது. டாக்டரைப் பார்க்காமலேயே ஆப்பில் புக் செய்து, வீட்டிலேயே ரத்தம் கொடுத்துவிடலாம். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். விளக்கம் சொல்லும் ஆள் மட்டும் வரமாட்டார்.

முதலில், 'இருப்பு' என்றால் என்ன?

ஆணுக்கு விந்தணு தொடர்ந்து உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். பெண்ணுக்கு அப்படியில்லை. தாயின் வயிற்றில் 20 வாரக் கருவாக இருக்கும்போதே ஒரு பெண்ணின் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் வரை முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது அது 10 முதல் 20 லட்சமாகிவிடும். வயதுக்கு வரும்போது 3 முதல் 4 லட்சம். மாதவிடாய் நிற்கும்போது மிச்சம் சுமார் ஆயிரம்தான்.

இத்தனை லட்சத்தில் ஆயுள் முழுக்க முதிர்ந்து வெளியே வருவது 400, 500 முட்டைகள்தான். மற்றவை எங்கே போகின்றன? ஒவ்வொரு மாதமும் ஒரு கூட்டம் முட்டைகள் வளரக் கிளம்பும். அதில் ஒன்று ஜெயித்து வெளியே வரும், மீதி எல்லாம் கரைந்துபோகும். வயதுக்கு வந்ததிலிருந்து மாதவிடாய் நிற்கும்வரை கணக்குப் போட்டால், சராசரியாக மாதம் 600 முதல் 900 வரை போய்க்கொண்டே இருக்கிறது. கர்ப்பமாக இருந்தாலும் சரி, கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் சரி, இந்தக் கரைசல் நிற்காது.

இப்படி எந்த நேரத்திலும் மீதம் இருப்பதைத்தான் மருத்துவர்கள் சினைப்பை இருப்பு என்கிறார்கள். நேரடியாக எண்ணிப் பார்க்க வழியில்லை. அதனால் சுற்றிவளைத்துத்தான் அளக்கிறார்கள்.

ஏஎம்எச் என்பது ஆன்டி முல்லேரியன் ஹார்மோன். முட்டையைச் சுமந்து வளரத் தொடங்கிய சின்னச் சின்ன நுண்பைகளின் செல்கள் இதைச் சுரக்கின்றன. நுண்பைகள் நிறைய இருந்தால் ரத்தத்தில் ஹார்மோனும் கூடுதலாக இருக்கும். அவ்வளவுதான் லாஜிக். பெயரில் இருக்கும் முல்லர், 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் உடற்கூறியல் அறிஞர் யோஹன்னஸ் முல்லர். வேடிக்கை என்னவென்றால், இந்த ஹார்மோனை அறிவியல் முதலில் அறிந்துகொண்டது ஆண் கருவில்தான். ஆண் சிசுவுக்குக் கர்ப்பப்பை உருவாகாமல் தடுப்பதே இதன் வேலை என்று 1940-களில் பிரெஞ்சு விஞ்ஞானி ஆல்ஃபிரட் ஜோஸ்ட் செய்த சோதனைகள் வழிகாட்டின. பெண்ணின் முட்டை இருப்பைச் சொல்லும் அளவுகோலாக அது மாறியதெல்லாம் ரொம்பப் பின்னாடி.

இதன் வசதி என்னவென்றால், மாதத்தின் எந்த நாளிலும் ரத்தம் கொடுக்கலாம். பழைய முறையான எஃப்எஸ்எச் டெஸ்டுக்கு மாதவிடாயின் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் போக வேண்டும். நுண்பைகளை எண்ணும் ஸ்கேனும் பெரும்பாலும் அந்த ஆரம்ப நாட்களில்தான், அதுவும் பிறப்புறுப்பு வழியாக. திருப்பூரில் ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கும் பெண்ணுக்கு 'சரியா இரண்டாம் நாள் வாங்க' என்பது ஒரு நாள் கூலி. அந்த வகையில் ஏஎம்எச் நல்ல டெஸ்ட்தான். அதனிடம் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

சிறுவாணி நீர்மட்டம் மாதிரி

கோவைக்காரர்களுக்குப் புரியும் உதாரணம் ஒன்று சொல்லலாம். சிறுவாணி அணையின் நீர்மட்டம் இத்தனை அடி என்று செய்தியில் பார்க்கிறோம். அந்த எண்ணை வைத்து, கோடைக்குத் தாங்குமா என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் இன்றைக்கு உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருமா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. குழாய் அடைத்திருக்கலாம், வால்வு திறக்காமல் இருக்கலாம். தண்ணீரின் ருசியும் அந்த அடிக்கணக்கில் தெரியாது.

ஏஎம்எச்சும் அப்படித்தான். அணையில் எவ்வளவு என்பதற்கு ஒரு தோராயக் குறி. இந்த மாதம் கருத்தரிக்கத் தேவைப்படுவது ஒரு முட்டை, ஒரே ஒரு நல்ல முட்டை. இருப்பில் 3,000 இருந்தாலும் 30,000 இருந்தாலும் மாதாமாதம் முதிர்ந்து வெளியே வருவது வழக்கமாக ஒன்றுதான். (ஒரு வித்தியாசம் உண்டு. சிறுவாணி தென்மேற்குப் பருவமழைக்கு நிரம்பிவிடும். சினைப்பை நிரம்பாது. 'ஏஎம்எச்சை இரட்டிப்பாக்கும்' என்று விற்கும் பவுடரை வாங்கும் முன் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.)

இது வெறும் உவமை இல்லை, ஆய்வே இருக்கிறது. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் மருத்துவர் ஆன் ஸ்டெய்னர் தலைமையிலான குழு, 30 முதல் 44 வயது வரையிலான 750 பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. குழந்தையின்மைப் பிரச்சினை ஏதும் முன்பு இல்லாதவர்கள், குழந்தைக்காக முயற்சி தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் ஆகாதவர்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 'ஜாமா' இதழில் 2017 அக்டோபரில் வந்த முடிவு இது: ஏஎம்எச் 0.7-க்கும் கீழே இருந்தவர்களில் ஆறு மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு 65 சதவீதம். இயல்பான அளவு இருந்தவர்களுக்கு 62 சதவீதம். பன்னிரண்டு சுழற்சிகள் என்று பார்த்தால் 84, 75. குறைவாக இருந்தால் நல்லது என்று இதைப் படிக்கக்கூடாது. குறைவானவர்கள் குழுவில் இருந்தது 84 பேர்தான், புள்ளியியல்படி இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை என்பதுதான் அர்த்தம்.

நாம் ஆரம்பத்தில் பார்த்த 0.8 இந்த 0.7-க்கு மேலேதான் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

இந்த ஆய்வுக்கு எல்லை உண்டு. ஏற்கெனவே ஒன்றிரண்டு வருடம் முயன்றும் கருத்தரிக்காத பெண்கள் இதில் இல்லை. கணக்கெடுத்தது கருத்தரித்ததைத்தான், குழந்தை பிறந்ததை அல்ல. ஆனாலும் 'குழந்தை பிறக்குமா பிறக்காதா என்று இந்த டெஸ்ட் சொல்லிவிடும்' என்ற நம்பிக்கையை இது நன்றாகவே உடைத்தது. 2019-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி, குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத பெண்களின் கருத்தரிக்கும் திறனைக் கணித்துச் சொல்ல இந்த டெஸ்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று தன் மருத்துவர்களுக்கு வெளிப்படையாகவே அறிவுறுத்தியது.

அப்போ எதுதான் கணக்கு?

வயசு. கேட்க யாருக்கும் பிடிக்காது, ஆனால் உண்மை அதுதான்.

முட்டையின் தரம் வயதோடு போகிறது, ஏஎம்எச்சோடு இல்லை. 24 வயதுப் பெண்ணுக்கும் 41 வயதுப் பெண்ணுக்கும் ஒரே மாதிரி 1.2 வந்தால், தாள் இரண்டும் ஒன்றுதான், நிலைமை ஒன்றல்ல. 24 வயதுக்காரியின் இருப்பு வயதை ஒப்பிட்டால் குறைவு. ஆனால் இருப்பதெல்லாம் 24 வயது முட்டைகள். 41 வயதுக்காரிக்கு 1.2 என்பது வயதுக்கு ஒன்றும் மோசமில்லை, இருந்தாலும் முட்டைகளில் குரோமோசோம் கோளாறு கூடியிருக்கும். டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தாயின் வயது 25 என்றால் சுமார் 1,200 பிரசவங்களில் ஒன்று, 40 என்றால் சுமார் 100-ல் ஒன்று. இதில் ஏஎம்எச்சுக்கு இடமே இல்லை.

என்னைப் பொறுத்தவரை இந்த டெஸ்டின் ஆபத்தான பக்கம் பயமுறுத்துவது மட்டுமில்லை, தைரியம் கொடுப்பதும்தான். 36 வயதில் 3.5 வந்துவிட்டது, இன்னும் நாலு வருஷம் தள்ளிப்போடலாம் என்று முடிவெடுப்பவருக்கு அந்த எண் எந்த உத்தரவாதமும் தரவில்லை. 3.5 என்பது பிசிஓஎஸ்ஸின் அடையாளமாகவும் இருக்கலாம். நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் அந்தப் பிரச்சினையில் வளராமல் தேங்கிய நுண்பைகள் அதிகம், அதனால் ஏஎம்எச்சும் அதிகம். இருப்பு நிறைய, ஆனால் முட்டை மாதாமாதம் வெளியே வராது. அணை நிரம்பியிருந்தும் மதகு திறக்காத நிலை அது.

இந்தியப் பெண்களுக்குச் சீக்கிரமே குறைகிறதா?

ஓரளவு ஆம் என்று காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. ஐவிஎஃப் சிகிச்சைக்கு வந்த ஸ்பெயின், இந்தியப் பெண்களை ஒப்பிட்டு 2014-ல் வெளியானது. இந்தியப் பெண்களின் சினைப்பை இருப்பு, தங்களைவிட சுமார் ஆறு வயது மூத்த ஸ்பெயின் பெண்களின் இருப்பைப் போல இருந்தது. இரு தரப்பிலும் சிகிச்சைக்கு வந்தவர்களைத்தான் பார்த்தார்கள், ஊரில் உள்ள எல்லாப் பெண்களையும் அல்ல. ஆனாலும் இந்தியாவில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47 என்பதும் மேலை நாடுகளில் 51-ஐ ஒட்டியது என்பதும் இதோடு பொருந்திப்போகிறது.

அதற்காக 'இந்தியப் பொண்ணா? அப்போ 25-லேயே உறையவெச்சிடுங்க' என்று தாவ முடியாது. அங்கிருந்து வந்த வயது எல்லைகளை அப்படியே நமக்குப் பொருத்தாமல், முயற்சி தொடங்கிக் கருத்தரிக்கவில்லை என்றால் கொஞ்சம் சீக்கிரமாகவே டாக்டரைப் பாருங்கள் என்பதுதான் நியாயமாக எடுக்கக்கூடிய பாடம். பொது விதி இதுதான்: 35 வயதுக்குள் என்றால் ஒரு வருட முயற்சிக்குப் பிறகு, 35-ஐத் தாண்டியவர்கள் ஆறு மாதத்தில், 40 என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

எப்போது இந்த டெஸ்ட் நிஜமாகவே உதவும்?

ஐவிஎஃப் செய்யப்போகிறவர்களுக்கு இது கிட்டத்தட்ட அவசியம். ஊசி மருந்துக்கு எத்தனை முட்டைகள் வளரும் என்பதை ஏஎம்எச்சும் நுண்பை ஸ்கேனும் நன்றாகவே கணித்துச் சொல்லும். குறைவாக இருந்தால் எத்தனை கிடைக்கும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். ரொம்ப அதிகமாக இருந்தால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் சினைப்பைகள் அளவுக்கு மீறி வீங்கி வயிற்றில் நீர் கோத்து, சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும்.

புற்றுநோய்க்கு கீமோதெரபி தொடங்கப்போகும் இளம்பெண்கள், சாக்லேட் சிஸ்ட் என்று சொல்லப்படும் எண்டோமெட்ரியோசிஸ் கட்டிக்கு ஆபரேஷன் செய்யப்போகிறவர்கள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோன குடும்பத்தில் பிறந்தவர்கள் ஆகியோருக்கும் இந்த எண் பயன்படும். அந்தக் கட்டி ஆபரேஷனே இருப்பைக் குறைக்கக்கூடியது. அதனால் 'சிம்பிள் ஆபரேஷன்தான்' என்று சொன்னால்கூட, குழந்தைத் திட்டம் இருப்பவர்கள் முன்னாடியே டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

டெஸ்ட் எடுத்தே ஆகவேண்டும் என்றால் இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஏஎம்எச் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். முடி உதிர்வதற்கென்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, சில லேப் மெஷின்களின் அளவைக் குழப்பிவிடும். ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபோடு ஒப்பிடவும் கூடாது, கிட்டுக்கு கிட் வித்தியாசம் வரும். அலகையும் பாருங்கள். நானோகிராமில் 1 என்பது பிகோமோலில் 7.14. வெளிநாட்டுக் கட்டுரையில் '7-க்குக் கீழே குறைவு' என்று படித்துவிட்டு நம்ம ஊர் ரிப்போர்ட்டில் இருக்கும் 2.1-ஐப் பார்த்து அழுதால் அது அநியாயம்.

மாத்திரை, பவுடர், சினைப்பைக்குள் பிஆர்பி ஊசி எதுவும் புது முட்டையை உண்டாக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. சினைப்பை பிஆர்பியை வழக்கமான சிகிச்சையாகச் செய்ய வேண்டாம் என்று ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவச் சங்கம் 2023-லேயே சொல்லிவிட்டது.

முட்டை எடுத்தால் இருப்பு தீர்ந்துவிடுமா?

இல்லை. அந்த மாதம் எப்படியும் கரைந்துபோகவிருந்த கூட்டத்தைத்தான் ஊசி மருந்து காப்பாற்றி வளர்க்கிறது. அடுத்த மாதத்துக் கணக்கில் கைவைப்பதில்லை. ஆனால் கருமுட்டை என்றதும் நம் பகுதியில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 2022 ஜூனில் ஈரோட்டில் வெளிவந்த வழக்குதான். 16 வயதுச் சிறுமியின் ஆதாரில் வயதைத் திருத்தி, பலமுறை கருமுட்டை எடுத்து விற்றதாகத் தாய், தாயுடன் வாழ்ந்தவர், ஒரு பெண் தரகர் ஆகியோர் கைதானார்கள். விசாரணை கேரளா, ஆந்திரா வரை போனது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் புதிய இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி தானம் கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒருமுறை, அதிகபட்சம் ஏழு முட்டைகள். இருப்பு கரையவில்லை என்பதால் அந்தச் சிறுமிக்குச் சேதமில்லை என்று ஆகிவிடாது. ஒவ்வொரு முறையும் பத்து நாளுக்கு மேல் ஹார்மோன் ஊசி, மயக்க மருந்து, சினைப்பைக்குள் ஊசி. வளர்ந்த பெண்ணுக்கே அது லேசான விஷயமில்லை.

வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சுங்களா?

கொங்குப் பகுதியில் குடும்பங்கள் சுருங்கத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரு குழந்தையோடு நிறுத்தியவர்கள் இங்கே நிறைய. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். ஒன்றே போதும் என்கிற ஊர், அந்த ஒன்று மட்டும் கல்யாணமான அடுத்த வருஷமே வேண்டும் என்கிறது. எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் "ஏங்கண்ணு, ஏதாச்சும் விசேஷமுங்களா?" என்ற கேள்வி வராமல் பந்தி முடியாது. கேள்வி கேட்கப்படுவது எப்போதும் பெண்ணிடம்தான்.

பெருமாள்முருகன் 2010-ல் எழுதிய 'மாதொருபாகன்' நாவலில் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் காளியும் பொன்னாவும் பல வருஷம் குழந்தையில்லாமல் படும் பாட்டைப் பார்க்கிறோம். சுதந்திரத்துக்கு முந்தைய கதை. அவர்களுக்கு இருந்ததெல்லாம் வேண்டுதல்தான், டெஸ்ட் கிடையாது. இன்றைக்குப் பொன்னா இருந்தால் முதல் வாரமே ஏஎம்எச் எடுத்திருப்பார்கள். காளியை லேபுக்கு அழைத்துப்போக எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.

ஏனென்றால் குழந்தையின்மைக்காக வரும் தம்பதிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. விந்தணுப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, பெரும்பாலான லேப்களில் ஏஎம்எச்சைவிட விலையும் குறைவு. பெண் தரப்பிலும்கூட ஏஎம்எச்சுக்கு முன்பு பார்க்க வேண்டியவை உண்டு. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, தைராய்டு எப்படி, கருக்குழாய் திறந்திருக்கிறதா? இந்தியாவில் பிறப்புறுப்புக் காசநோயால் குழாய் அடைபட்டவர்கள் கணிசம், பலருக்கு அறிகுறியே இருக்காது. அப்படி அடைபட்டிருந்தால் ஏஎம்எச் 4 இருந்தும் இயற்கையாகக் கருத்தரிக்க முடியாது.

ஆகவே 0.8 வந்த அந்த 29 வயதுக்காரி டாக்டரிடம் போகும்போது, "என் ஏஎம்எச் ஏறுமா?" என்று கேட்பதைவிட, "எத்தனை மாசமா முயற்சி பண்றோம், எனக்கு மாசாமாசம் முட்டை வெளிய வருதா, குழாய் பார்த்தாச்சா, இவருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா, இதெல்லாம் சரியா இருந்தா இன்னும் எத்தனை மாசம் இயற்கையா முயற்சி பண்ணலாம்?" என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும். இன்னும் கல்யாணமே ஆகவில்லை, பேக்கேஜில் சும்மா எடுத்தது என்றால், மாதவிடாய் ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிட்டு வரலாம். ஜாதகத்தோடு சேர்த்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பவேண்டிய தாள் அது இல்லை.